இடைவேளையோடு எழுதிய தீர்ப்பு

லாரிகளை எடைபோடும் நிலையத்தில் எழுத்தராக இருந்த அவர், வாரம் ஒரு படம் பார்ப்பார். வீடு திரும்பும் பேருந்திலேயே டிக்கெட்டின் பின்பக்கம் தம் தீர்ப்பை எழுதி, தேதிவாரியாகக் கோப்பில் சேர்த்துவிடுவார். எந்தக் காகிதத்தையும் எறிய மாட்டார். அதற்குக் காரணம் இருந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன், எடை தவறிய ஒரு லாரிக்காக அவர் நான்கு பக்க விளக்கம் கொடுத்தார். முதல் பக்கத்தை மட்டும் படித்த மேலாளர், ‘கவனக்குறைவு’ என்றெழுதி மூன்று மாதம் வீட்டில் உட்கார வைத்தார். ஆதாரமோ மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு காகிதமும் அவருக்கு ஆதாரம்தான்.

சென்ற மாதத்துப் போலீஸ் படத்துக்கு அவர் எழுதியது: “தோட்டாக்கள் தாராளம், காரணங்கள் பற்றாக்குறை.” பேய்ப் படத்துக்கு: “பேயைவிட என் நாற்காலி அதிகம் அலறியது.” மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் ஒருத்தியைப் பற்றிய சின்னப் படத்துக்கு: “இழுவை. பார்க்க வேண்டியதில்லை.”

இந்தத் தீர்ப்புகளை வேதவாக்காக நம்பியவள் அவருடைய தங்கை. நர்ஸ். மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் அவளுக்கு முழு ஓய்வு. அன்று ஒரு படம்.

“அண்ணே, அந்த ஆஸ்பத்திரிப் படத்துக்குப் போகட்டுமா? அப்படியே எங்க வார்டு மாதிரி இருக்காம்.”

“வேண்டாம்மா, இழுவை.”

“நீ சொன்னா சரிதான்.”

அந்த மாத ஓய்வு நாள் முழுவதும் அவள் வீட்டில் துணி துவைத்தாள்.

நான்கு நாள் கழித்து, எடைச்சீட்டு வாங்க வந்த லோடுமேன் சொன்னார்: “சார், அந்த ஆஸ்பத்திரிப் படத்தோட கடைசி அரைமணி நேரம் இருக்கே... நானே அழுதுட்டேன்!”

“கடைசியில என்ன வருது?”

“ஏன், நீங்க பார்க்கலையா?”

“மழை வர்ற மாதிரி இருந்துச்சு. இடைவேளையில கிளம்பிட்டேன்.”

“நல்லா இருக்கு சார்! உலை கொதிக்கறதுக்கு முன்னாடியே சோறு குழைஞ்சுபோச்சுன்னு சொன்ன கதையால்ல இருக்கு!”

அவரால் சிரிக்க முடியவில்லை. முதல் பக்கத்தோடு மூடிவைத்த கை இப்போது அவருடையது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் மதியச் சாப்பாட்டைப் பிரிக்கும் முன்பே தங்கைக்குப் போன் செய்தார்.

“ஏம்மா, அந்தப் படத்தை நான் பாதிதான் பார்த்தேன்.”

“அப்ப ஏண்ணே முழுசாப் பார்த்த மாதிரி சொன்ன?”

அதற்குக் காட்ட அவரிடம் ஒரு காகிதமும் இல்லை. “தப்புதாம்மா. நானே கூட்டிட்டுப் போறேன்,” என்றார்.

படத்துக்கு வியாழக்கிழமை மதியக் காட்சியே கடைசி. தங்கை யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடி வேலையை மாற்றிக்கொண்டாள். புதன் இரவு முழுக்க வார்டில் நின்றுவிட்டு, காலையில் வீட்டு வேலையையும் முடித்துவிட்டுத் தியேட்டருக்கு வந்தாள். முதல் பாதியை முன்னால் சாய்ந்து பார்த்தாள். “இதுவா இழுவை?” என்று இரண்டு முறை முழங்கையால் இடித்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

இடைவேளை முடிந்து பத்து நிமிடத்தில் அவள் தலை அவர் தோளில் சரிந்தது.

“ஏம்மா... படம்.”

“பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்,” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

திரையில் அந்தச் சலவைக்காரி, ஒரு சட்டைப்பையில் கிடைத்த கடிதத்துக்கு உரியவனைப் படுக்கை படுக்கையாகத் தேடிக்கொண்டிருந்தாள். மறுபடி எழுப்பலாமா என்று அவர் கை நீட்டினார். இரவெல்லாம் நின்ற அவள் கால்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கிக் கிடந்தன. கையை இழுத்துக்கொண்டார். லோடுமேன் அழுத இடத்தில் அவருக்கும் கண் நிறைந்தது. அவளுக்கு உரியதை அவள் எதிரிலேயே தின்பதுபோல் இருந்தது.

விளக்கு எரிந்ததும் தங்கை திடுக்கிட்டு விழித்தாள். “முடிஞ்சிடுச்சா? எப்படிண்ணே இருந்துச்சு?”

“ரொம்ப நல்லா இருந்துச்சும்மா.”

அவள் முகம் விழுந்தது. “சும்மாவாச்சும் இழுவைன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“அதை ஒரு தடவை சொல்லியாச்சும்மா.”

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அவள் எழுந்தாள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் பக்கம் திரும்பினாள். “சரி, சொல்லு. இடைவேளைக்கு அப்புறம் அவ என்ன பண்ணினா?”

அவர் சொல்லத் தொடங்கினார், ஒரு காட்சியையும் விடாமல்.