வீங்கிய கால்

சத்தியவேட்டுப் பக்கம் புதிதாக முளைத்த கம்பெனி ஒன்றில் வேலையாக இருந்தவன் நான். இரண்டு கிட்னியும் கெட்டுப்போனதும் புத்தலப்பட்டுக்கு, அண்ணன் வீட்டுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. என் மனைவி தன் கிட்னி ஒன்றைக் கொடுத்தாள். திருப்பதியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் காய்ந்து, இனிப் பிழைத்துவிட்டோம் என்று நினைத்த நேரத்தில் வலது கால் வீங்க ஆரம்பித்தது.

ஒரு கால் மட்டும் அப்படி வீங்கினால் எங்கள் பக்கத்தில் யாரும் டாக்டரைக் கேட்பதில்லை. பார்த்ததுமே அண்ணி சொல்லிவிட்டாள், யானைக்கால் என்று. அன்று மாலையே என் தட்டு கொல்லைப்பக்கம் போயிற்று. அண்ணன் ஒரு நாட்டு வைத்தியரைக் கூட்டிவந்தான். அந்த ஆள் எதையோ அரைத்துக் காலில் அப்பி, துணியைச் சுற்றிவிட்டுப் போனார். அது உள்ளே புளித்து, பெருச்சாளி செத்த நாற்றம் அடித்தது. என் காலை நானே பார்க்கக் கூசினேன்.

மனைவி காலைக் கண்டுகொள்ளவில்லை. டாக்டர் சொல்லி அனுப்பியபடி என் மூத்திரத்தை ஜாடியில் பிடித்து அளந்துகொண்டிருந்தாள்.

"இன்னாங்க, கொறஞ்சிகினே போவுது. இந்தக் கண்றாவிய அவுத்துப் போட்டுட்டுக் கெளம்புங்க. நான் குடுத்தது வீணாப் போவக் கூடாது."

பஸ் பிடித்துத் திருப்பதி போனோம். ஸ்கேன் பார்த்த டாக்டர் தெலுங்கில் திட்டித் தீர்த்தார். யானைக்காலுமில்லை, பூனைக்காலுமில்லை. ஆபரேஷனில் அறுபட்ட நிணநீர்க் குழாய்கள் கசிந்து, புதுக் கிட்னி பக்கத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அது மூத்திரக் குழாயையும் காலின் ரத்தக் குழாயையும் அமுக்கியிருக்கிறது. இன்னும் விட்டிருந்தால் கிட்னியே போயிருக்கும் என்றார். அடிவயிற்றில் குழாய் போட்டார்கள். வெளிர்மஞ்சள் தண்ணீர் பை பையாக இறங்கியது. இதெல்லாம் எனக்குள்ளா இருந்தது என்று அருவருப்பாக இருந்தது. ஆனால் மூத்திரம் பழையபடி போனது. அந்த ஜாடியைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம்.

வீடு திரும்பியதும் அண்ணியிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். யாருக்கும் ஒட்டாது, கிட்னி பக்கத்தில் தேங்கிய தண்ணீர்தான் என்றேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, குடிக்கத் தண்ணீர் மொள்ளப் போன என் மனைவியை நிறுத்தினாள்.

"கொடத்தத் தொடாதம்மா. உன் கிட்னியிலேர்ந்து வந்த நோவுதானே அது?"

எதிரில் சோறு தின்றுகொண்டிருந்த அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை. அப்போதே துணிமணியை மூட்டை கட்டிச் சத்தியவேட்டுக்குக் கிளம்பினோம். உடம்பை அறுத்துக் கொடுத்தபோது அழாதவள், பஸ்ஸில் அழுதாள்.