ஒரு நிமிடம் அடிக்க வேண்டிய மணி

இரும்புக் கம்பியின் முதல் அடி மானிட்டரில் விழுந்தது. இரண்டாவது என் தங்கை புருஷனுக்கு ஓங்கியது. நான் குறுக்கே போனதால் என் தோளில் விழுந்தது. அடித்தவர் ஆத்தூர்ப் பக்கத்து விவசாயி. அவர் தோட்டத்து மோட்டாருக்கு நாங்கள்தான் தானியங்கிப் பெட்டி மாட்டியிருந்தோம்.

"கரண்டு வந்தா ஒரு நிமிசம் மணியடிக்கும், பெறகுதான் மோட்டார் ஓடும்னு சொன்னியேலே! எந்தம்பி பெல்ட்டுல கை வச்சிருந்தான். மணியும் அடிக்கல, ஒரு மயிரும் அடிக்கல. ரெண்டு வெரலு போச்சுடா!"

திண்டுக்கல்லில் ஒரு மாடி அறைதான் எங்கள் தொழிற்சாலை. எழுதும் நிரலைப் பெட்டிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரும் நாங்கள் எழுதியதே. அதில் கை வைக்கும்போதெல்லாம் சோதனைகளை ஓட்டிப் பார்ப்போம். பெட்டியில் இரண்டு ரகம். மலிவான ரகம் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும், அவ்வளவுதான். ஒரு நிமிடம் மணியடித்துவிட்டு மோட்டாரை ஓட்டும் மற்ற ரகத்தில் இருக்கும் கடிகாரம் அதில் இல்லை. நேரம் பார்க்கத் தேவையான சிஸ்டம் ஹெட்டர் என்கிற கோப்பும் இல்லை. மணி ஒரு நிமிடம் அடிக்கிறதா என்று பார்க்கும் மணிச் சோதனையை அதில் ஓட்டினால் பாவம், அது என்ன செய்யும்? 'தோல்வி' என்று சிவப்பாகக் கத்தும். அந்தச் சிவப்பு மாப்பிள்ளையின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஹெட்டர் இல்லாத ரகத்துல மட்டும் அந்தச் சோதனையத் தாண்டிப் போற மாதிரி எழுதிருங்க மாப்ள. ஏன் தாண்டுச்சுன்னு ஒரு வரியும் போட்டுருங்க" என்று சொல்லியிருந்தேன்.

"செத்த நேர வேலை மச்சான்" என்றார். மறுநாள் திரை முழுக்கப் பச்சை. பிறகு கம்பைலரை வேகமாக்கினோம். அப்போதும் பச்சை. அதில் செய்த கடிகார ரகப் பெட்டியைத்தான் ஆத்தூரில் மாட்டினேன்.

விவசாயி கம்பியைக் கீழே போட்டார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"சோதிச்சுப் பாத்துத்தான குடுத்தீங்க?"

"பாத்தோம்ணே. வாங்க, காட்டுறேன்."

உடையாத கணினியைத் திறந்து மணிச் சோதனையைத் தேடினேன். இல்லை. மலிவு ரகத்துக்கும் இல்லை, கடிகாரம் உள்ள ரகத்துக்கும் இல்லை. பழைய பிரதியிலிருந்து அதை எடுத்து, நான் சொன்ன நிபந்தனையையும் சேர்த்து ஓட்டினேன். மலிவு ரகம்: தாண்டப்பட்டது, ஹெட்டர் இல்லை. மற்றது: தோல்வி. அறுபது விநாடி காத்திருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். வேகமாக்கிய கம்பைலர் அந்தக் காத்திருப்பையே தூக்கிவிட்டிருந்தது.

மாப்பிள்ளை சுவரோரமாக நின்றார். "ரகத்துக்கு ரகம் தனித்தனியா எழுதணுமேன்னு அந்தச் சோதனையவே மொத்தமா எடுத்துட்டேன் மச்சான். எல்லாம் பச்சையாத்தான இருந்துச்சு."

எனக்கு அவர் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது.

விவசாயி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப பாக்கவே இல்ல?"

அவர் குனிந்து கம்பியை எடுத்தார். தங்கையின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனாலும் இந்தத் தடவை நான் விலகி நின்றேன்.