முறை சொல்லி அழைத்தவள்

சாயிரா பானுவுக்குச் சிங்கப்பூர் முழுக்க உறவு. தோ பாயோவில் ஒரு பெரியம்மா, புக்கிட் மேராவில் இரண்டு மாமாக்கள், பிடோக்கில் சண்டைக்கார அத்தை ஒருத்தி. சாயங்காலம் குவீன்ஸ்டவுனில் தன் வீட்டுக் கதவைத் திறந்தால் மட்டும் "வந்துட்டியா" என்று கேட்க ஒரு நாதி இல்லை. உம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் கல்யாண வயசு கடந்துவிட்டது. உம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கூடப் பிறந்த ஜாஃபர் பெர்த்தில் இருக்கிறான். பெருநாளைக்குப் பெருநாள் வீடியோவில் வந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி சலாம் சொல்லச் சொல்வான். பிள்ளைகள் பாவம், யாரென்று தெரியாமல் கையை ஆட்டும்.

அப்படியானால் இத்தனை உறவும் எங்கிருந்து வந்தது? எல்லாம் அவளே தேடிக்கொண்டதுதான். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதி அவள், இந்த ஊர்ப் பேச்சில் மிஸ்ஸி. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சர்க்கரை பார்ப்பது எல்லாம் அரை மணி நேர வேலை. அதற்கு முன்னால் நோயாளியிடம் பேசி, என்ன செய்கிறது, என்ன சாப்பிடுகிறார், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டறிய வேண்டும். அதுதான் பெரிய வேலை. "வலியை ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்" என்று டேப்லெட் கணினியை நீட்டினால் நம்மவர்களுக்கு வாய் வருமா? "ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கேன்" என்று கதையை முடித்துவிடுவார்கள்.

சாயிரா பானு டேப்லெட்டைப் பையை விட்டு வெளியே எடுக்கமாட்டாள். எந்த ஊர், என்ன சமையல், பிள்ளைகள் எங்கே என்று ஆரம்பிப்பாள். தேநீர் கொடுத்தால் குடிப்பாள். கொஞ்ச நேரத்தில் ஒரு முறை வைத்துவிடுவாள்: பெரியம்மா, மாமா, அக்கா. இந்துவோ முஸ்லிமோ, அவரவர் வீட்டு வழக்கப்படி. முறை வைத்துவிட்டால் பாதி நோய் தானாக வெளியே வந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு நோயாளியின் பண்பாடு பற்றி வகுப்பெடுக்க மேலதிகாரி அவளைத்தான் அனுப்புவார். குளிர்பதன அறையில் நின்றுகொண்டு, "முதலில் சொந்தமாகுங்கள், பிறகு கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, சொல்லாமல் என்ன.

தேக்கா சந்தைக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடியில் இருந்தார் நெய்னா முகம்மது. சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்திருந்தவர். மனைவி மௌத்தாகி அடக்கமாகிவிட்டார், மகன் ரமீஸ் துபாயில். சர்க்கரையால் காலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. சாயிரா பானு முதல் நாள் போனபோது இரும்புக் கதவைத் திறக்கவே மாட்டேன் என்று உள்ளே நின்றுகொண்டிருந்தார்.

"ஆம்பள தனியா இருக்கற வீடும்மா. ஆண் நர்ஸ் இருந்தா அனுப்பச் சொல்லுங்க."

"உங்க பேச்சு கீழக்கரைப் பேச்சா இருக்கே. எங்க வாப்பாவுக்கும் கீழக்கரைதான்" என்றாள் அவள்.

"யாரு மக?"

"மணி சேஞ்சர் அப்துல் மஜீது மக."

"மஜீது மகளா! அவரும் எங்க வாப்பாவும் அண்ணன் தம்பி மாதிரில்ல பழகினாங்க."

"அப்ப நீங்க எனக்குக் காக்கா முறை. கதவத் தொறங்க, காக்கா."

கீழக்கரைப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அந்தச் சொல்லுக்குக் கதவு திறந்தது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தபோது நெய்னா முகம்மதே சொன்னார், "என் தங்கச்சி வந்திருக்கு."

அதன் பிறகு வாரம் தவறாமல் போனாள். வாசல் கதவைத் திறந்தே வைத்திருப்பார். இஞ்சி தட்டிப்போட்டு அவரே தேநீர் போடுவார். "நீ" என்றுதான் பேசுவார், "புள்ள" என்று கூப்பிடுவார். இளைத்துப்போனாய் என்று திட்டுவார். பெருநாளைக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருந்தார், நல்ல கிளிப்பச்சை. நோயாளிகளிடம் எதையும் வாங்கக் கூடாது என்பது வேலையில் கண்டிப்பான விதி. அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். இருந்தும் வாங்கிக்கொண்டு, பேருந்தில் மடியில் வைத்தபடி வீடுவரை வந்தாள். அன்றைக்கு அந்தத் தனி வீடு அவளுக்கு அவ்வளவு தனியாகத் தெரியவில்லை.

கால் புண் மெல்ல ஆறியது. ஆனால் ஆள் மெலிந்துகொண்டே போனார். தேநீர் அவளுக்கு மட்டும் வந்தது. "காக்கா, உங்களுக்கு?" என்றால், "இப்பத்தான் குடிச்சேன் புள்ள" என்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கேட்டால், கால் வலி. கூப்பிடு தூரத்தில் இருக்கும் பள்ளிக்குப் போக முடியாத கால் இல்லை அது, கட்டுப் போடுகிற அவளுக்குத் தெரியாதா? "வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்கா காக்கா?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்ல" என்றார். காக்கா தன்னிடம் மறைக்கமாட்டார் என்று விட்டுவிட்டாள். மனைவி நினைப்பாக இருக்கும் என்று அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள்.

ஒருநாள் கை கழுவக் குளியலறைக்குள் போனாள். வாளியில் இரண்டு கைலிகள் ஊறிக்கொண்டிருந்தன. தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது.

சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் எந்நேரமும் வரிசையாகக் கைலிகள் காய்ந்ததும், தேநீர் குடிக்காததும், பள்ளிக்குப் போகாததும் ஒன்றாகச் சேர்ந்து புரிந்தன. சிறுநீர் தன்னையறியாமல் சொட்டினால் துணி சுத்தம் கெட்டுவிடும், தொழுகைக்குக் கை கால் கழுவி எடுத்த ஒளுவும் முறிந்துவிடும். அந்தக் கூச்சத்தில் ஒரு மனிதர் பள்ளியையும் விட்டார், தண்ணீரையும் விட்டார். ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு, அதுவும் தாதிக்கு, இது முதல் வாரத்திலேயே உறைத்திருக்க வேண்டாமா?

வெளியே வந்து கேட்டுவிட்டாள். "காக்கா, ஒண்ணுக்குப் போறப்ப ரத்தம் வருதா?"

நெய்னா முகம்மதின் முகம் கறுத்தது. "என்ன பேச்சு இது? தங்கச்சி அண்ணன்கிட்ட கேக்கற பேச்சா?"

"வாளியில பாத்தேன், காக்கா."

"சாயம் போற துணி. போ புள்ள, நேரமாச்சு."

காலமெல்லாம் துணி விற்றவர். சாயம் போகிற கைலியை அவர் கடைக்குள்ளேயே சேர்த்திருக்கமாட்டார். அவள் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசுவதற்குள் பையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார்.

பேருந்தில் உட்கார்ந்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் மீது கோபம் இல்லை. முறை வைத்தது யார்? அவள்தானே. கதவைத் திறந்த அதே சொல்தான் வாயை அடைத்திருக்கிறது. தங்கச்சியிடம் எந்த அண்ணன் இடுப்புக்குக் கீழே உள்ள உபாதையைச் சொல்வான்? தன்னுடைய மாமாக்களையும் அண்ணன்களையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். மருமகள் சோறு போடாததைச் சொல்லியிருக்கிறார்கள், மகன் ஏமாற்றியதைச் சொல்லியிருக்கிறார்கள், நெஞ்சு வலியைச் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் ஒருவர்கூடச் சொன்னதில்லை. கூட வேலை பார்க்கும் வெய் லிங்குக்குத் தமிழே தெரியாது. உடைந்த மலாயில் தடாலடியாகக் கேட்பாள், தமிழ்க் கிழவர்கள் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். சின்னப் பெண்ணுக்கு மட்டு மரியாதை தெரியவில்லை என்று சாயிரா பானு பலமுறை நினைத்திருக்கிறாள். தன்னுடைய நோயாளிகளுக்கு அந்தத் தொந்தரவே இல்லை என்றல்லவா அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்! யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவளுக்குச் சறுக்கிய இடத்தில் ஒருவரின் உயிர் இருந்தது.

வெய் லிங்கை அனுப்பலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டாள். அவள் ஒரு மாத விடுப்பில் சீனா போயிருந்தாள். ஆண் தாதி கிடைக்க இன்னும் சில வாரங்கள் ஆகும் என்றார் மேலதிகாரி. அதற்குள் என்ன ஆகுமோ? சிறுநீரில் ரத்தம் என்றால் அது எதுவாகவும் இருக்கலாம், எதுவாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறோமோ அதுவாகவும் இருக்கலாம். வேறு யாரும் இல்லை, அவளேதான் போக வேண்டும். தங்கச்சியாகப் போனால் பதில் வராது. தங்கச்சியாக இல்லாமல் போனால், சொந்தம் என்று அவளுக்கு இருந்த ஒரே வீடும் போய்விடும். அன்று அவள் சாப்பிடவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கவும் ஆள் இல்லை.

மறுநாள் காலையில் முகக்கவசம் போட்டுக்கொண்டு, டேப்லெட்டைக் கையிலேயே பிடித்தபடி போய் நின்றாள்.

"மிஸ்டர் நெய்னா முகம்மது?"

அவர் கதவைத் திறந்து சிரித்தார். நேற்றைய கோபம் தீர்ந்திருந்தது. "என்ன புள்ள, வேசம் கட்டிட்டு வந்திருக்கே? உக்காரு, தே போடறேன்."

அவள் உட்காரவில்லை. "தே வேணாம் சார். என் பேரு சாயிரா. உங்கள செக் பண்ண வந்திருக்கற மிஸ்ஸி. சில கேள்வி கேக்கணும்."

"விளையாடாத லா, நேத்து ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். தங்கச்சி இதுக்கெல்லாம்..."

"நான் உங்க தங்கச்சி இல்ல சார்."

வீட்டிலிருந்து வரும்போதே பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியம்தான். ஆனாலும் சொல்லும்போது டேப்லெட்டைத்தான் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். முகக்கவசம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

பிறகு நிதானமாக, யாரோ ஒருவரைக் கேட்பதுபோல, கேள்வியைக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா நின்றாள். கேள்வி கேட்பது யாருக்கும் வரும். கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்பதற்குத்தான் பழக்கம் வேண்டும். சமாதானம் சொல்லக் கூடாது, பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது. கீழே சந்தையில் மீன்காரர்கள் கத்துவது கேட்டது. நெய்னா முகம்மது நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்.

"கென்சிங் டாரா, மிஸ்ஸி" என்றார் கடைசியில். சிறுநீரில் ரத்தம் என்பதை மலாயில்தான் சொல்ல முடிந்தது அவருக்கு.

"எவ்வளவு நாளா?"

"நோன்புக்கு முன்னாடியிலேர்ந்து. அடக்க முடியல. அதான் தண்ணி குடிக்கறதில்ல, மிஸ்ஸி. நீங்க எழுதிக்கங்க."

நீங்க. அவள் எழுதிக்கொண்டாள். வலி இருக்கிறதா, ரத்தம் கட்டியாக வருகிறதா, ராத்திரியில் எத்தனை முறை எழுந்திருக்கிறார் என்று எல்லாவற்றையும் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அவர் சுவரைப் பார்த்தே பதில் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. இத்தனை வருட வேலையில் இவ்வளவு முழுமையாக யாரும் அவளிடம் சொன்னதில்லை. தாதிக்கு அது வெற்றிதான். சாயிரா பானு தேநீர் குடிக்காமலே கிளம்பினாள்.

அந்த வாரமே மருத்துவமனையில் இடம் வாங்கிக் கூட்டிக்கொண்டு போனாள். சோதனை எல்லாம் முடிந்து, முடிவு சொல்ல மருத்துவர் அழைக்கும் நேரம். முகப்பில் இருந்த பெண் தமிழ்ப் பெண்தான், தாரணி என்று சட்டையில் பெயர் இருந்தது.

"அங்கிள், டாக்டர் ரிசல்ட் சொல்லுவாரு. ஃபேமிலி கூட வரலாம். இவங்க உங்க ஃபேமிலியா?"

சாயிரா பானு தரையைப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரருக்கும், கீழே கோப்பிக்கடைக்காரருக்கும், லிஃப்டில் வந்த முன்பின் தெரியாத ஆட்களுக்கும் "என் தங்கச்சி" என்று சொன்ன மனிதர் அவர்.

"இல்லம்மா" என்றார் நெய்னா முகம்மது. "மிஸ்ஸி."

கோபத்தில் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. அவள் சொன்னதை அவர் மரியாதையாக ஏற்றுக்கொண்டுவிட்டார், அவ்வளவுதான். அவர் மட்டும் உள்ளே போனார். அவள் வெளியே உட்கார்ந்தாள். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது, எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. உள்ளே கட்டி என்பார்களா, காலம் கடந்துவிட்டது என்பார்களா, தான் வீணாக்கிய மாதங்கள்தான் அவரைக் கொண்டுபோகப் போகின்றனவா என்று நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது.

வெளியே வந்தவரின் நடையிலேயே தெரிந்துவிட்டது. "சின்னக் கட்டிதானாம், பரவலையாம். குழாய உள்ள விட்டு எடுத்துடலாம்னு டாக்டர் சொல்றாரு." அவருடைய கண் ஈரமாக இருந்தது. "ரமீஸுக்கு ஃபோன் போடணும்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் சாயிரா பானு.

நெய்னா முகம்மது சட்டையைச் சரிசெய்துகொண்டு, அவளுக்கு நேரே நின்று, கையை நெஞ்சில் வைத்தார்.

"ரொம்ப நன்றிங்க, மிஸ்ஸி. உங்கள மறக்கமாட்டேன்."

மனதாரச் சொன்னார். ஆனால் எந்த வீட்டில் அண்ணன் தங்கச்சிக்கு நன்றி சொல்வான்?

"அதுக்கென்ன" என்றாள் அவள். அதற்கு மேல் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.