வார்த்தை இல்லாமல் வந்த லிங்க்

நான் வேலை பார்ப்பது ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில். துறைமுகத்துக்கு வரும் சரக்குக்கான காகித வேலையை முடித்து வெளியே எடுத்துக் கொடுப்போம். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் வண்ணாரப்பேட்டையில் பேரிங் கடை வைத்திருக்கும் பாய். என்னைவிடச் சின்னவர், அக்கா என்பார். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனிதர். கன்டெய்னர் வந்துவிட்டதா என்று கேட்கத்தான் போன் செய்வார், ஆனால் டோல்கேட் டிராஃபிக், மாமியார் வீட்டுப் பிரியாணி, முட்டி வலி எல்லாம் முடிந்துதான் கன்டெய்னருக்கு வருவார். மெயிலும் அப்படியே. போனில் வாயால் சொல்லி டைப் ஆக விடுவார் போல, முற்றுப்புள்ளியே இருக்காது.

அப்பேர்ப்பட்டவரிடமிருந்து ஒரு திங்கட்கிழமை மெயில் வந்தது. தலைப்பு இல்லை. "அக்கா" என்று ஒரு வார்த்தைகூட இல்லை. வெறும் லிங்க், மூன்று வரிக்கு நீண்டு, நடுவில் ஏகப்பட்ட எண்ணும் குறியுமாக.

எங்கள் ஆபீசுக்குப் பொய் மெயில்கள் தினமும் வரும், கப்பல் கம்பெனி அனுப்பியது மாதிரி, பேங்க் அனுப்பியது மாதிரி. வெறும் லிங்க் வந்தால் தொடாமல் அழித்துவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அழித்தேன். மறுநாள் அவர் கையெழுத்துப் போட வந்தபோது, மெயிலில் எவனோ புகுந்துவிட்டான், பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்றேன். "சரிக்கா" என்றார். அவ்வளவுதான். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு மூக்கை நுழைக்காமல் இருக்க முடியாது. விம்கோ நகரிலிருந்து ரயிலில் வரும்போது பக்கத்து சீட்டுக்காரி போனில் போடும் சண்டை பாதியில் அறுந்தால்கூட அன்று முழுக்க எனக்கு வேலை ஓடாது. இவரோ, எவனோ மெயிலில் புகுந்துவிட்டான் என்று கேட்டால் அதை வைத்தே ஒரு வாரம் ஓட்டக்கூடிய ஆள். வெறும் "சரிக்கா"வா? புதன்கிழமை மதியம் சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, அழித்ததைத் தோண்டி எடுத்தேன்.

லிங்கைத் திறக்கவில்லை, படித்தேன். கன்டெய்னர் மேல் இருக்கும் எழுத்துகளை வைத்தே அது யார் பெட்டி என்று சொல்லிவிடுவோம், இதிலும் ஏதாவது தெரியுமா என்று ஆவல். ஆரம்பத்தில் ஒரு கல்லூரியின் பெயர். ரயிலில் ஒரு ராத்திரி போக வேண்டிய ஊர். அடுத்து கப்பல் இன்ஜினியரிங். அடுத்து அட்மிஷன். அதற்குப் பிறகு கேள்விக்குறி போட்டு வந்ததெல்லாம், எந்த விளம்பரத்தைத் தொட்டு வந்தோம் என்று கல்லூரிக்காரர்களுக்குக் கோள் சொல்லும் வால். அதை வெட்டியிருந்தால் ஒரே வரி. கல்லூரியின் பெயரை நானே தேடிப் போய்ப் பார்த்தேன். நிஜமான பக்கம்தான். விண்ணப்பம் போட வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

பாய்க்கு ஒரே மகள். பிளஸ் டூ முடித்திருந்தாள்.

உடனே போன் செய்தேன். அந்த மெயிலை அனுப்பியது நீங்களா என்றேன்.

"நான்தான்கா. பாஸ்வேர்ட மாத்துன்னு சொன்னியே, அந்த படிப்பு வேணாம்னு நீ சுத்தி வளைச்சி சொல்றன்னு நெனச்சிக்கினேன். அவகிட்டயும் சொல்லிட்டேன். நேத்துலேந்து துன்னாம கீது."

எனக்குக் கோபம் வந்தது. அடிக்கடி பார்க்கும் ஆளிடம் நேரில் கேட்டால் என்ன குறைந்துபோகும்? நேரில் கேட்டால் அவர் முகத்தைப் பார்த்து, அவருக்குப் பிடித்த பதிலையே நான் சொல்லிவிடுவேனாம். சரி, மெயிலில் இரண்டு வார்த்தை? அதற்கு மட்டும் கன்டெய்னர் எப்போ வரும் என்று பேச்சை மாற்றினார். என்னை ஏன் கேட்க நினைத்தார் என்பது எனக்குப் புரிந்தது. இந்த வட்டாரத்தில் ஆண்களோடு துறைமுகத்தில் கன்டெய்னர் அடுக்கும் யார்டுக்குள் போய்ப் பெட்டி சரிபார்த்த முதல் பெண் நான்தான். என் பேச்சுக்கு அவர் வீட்டில் ஒரு எடை இருந்தது.

"கேள்வியே கேக்காம பதில் எப்படி பாய் சொல்றது? அது என்ன, எதுக்கு அனுப்பறீங்க, எப்போக்குள்ள வேணும், எழுதுங்க. அப்புறம் லிங்கைப் போடுங்க. வாலை வெட்டிட்டுப் போடுங்க."

மாலை கிளம்பும் நேரத்தில் மெயில் வந்தது. தலைப்பில் "என் பொண்ணு படிப்பு" என்று இருந்தது.

"யக்கா, இது என் பொண்ணு கேக்குற படிப்பு. அட்மிஷன் பக்கம் கீழ கீது. வெள்ளிக்கிழமைக்குள்ள போடணும். அவ்ளோ தூரம். எனக்கு பயமா கீது. அனுப்பலாமா?"

கீழே ஒரே வரியில் லிங்க். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்திருந்தார். விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியிருக்க வேண்டும். திங்கட்கிழமை அவரால் எழுத முடியாமல் போனது அந்தப் பயத்தைத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அனுப்புங்க பாய். நான் யார்டுக்குப் போன அன்னிக்கு எங்கப்பாவும் பயந்தாரு. பயந்துகிட்டே அனுப்பினாரு" என்று பதில் போட்டேன்.

மறுநாள் காலையில் அவரிடமிருந்து அடுத்த மெயில். டோல்கேட் டிராஃபிக்கில் ஆரம்பித்து, பிரவுசிங் சென்டரில் இருந்த கூட்டம், அங்கே மாடி ஏறியதில் வந்த முட்டி வலி, மகள் நேற்று ராத்திரி நாலு பரோட்டா சாப்பிட்டது என்று இரண்டு பக்கம். முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லை. அப்ளிகேஷன் போட்டாச்சு என்பது கடைசி வரியில் இருந்தது.