வேனுக்குள் விரித்த கல்யாணப் பட்டு

புதுப் பட்டு வாசமும் பெட்ரோல் புகையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்...

தொண்ணூறுகளின் கடைசி. ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் குறுகலான ஒரு கடைத்தெரு. அங்கே ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், பட்டுப் பிரிவில், நானும் செல்வியும் சேல்ஸ் கேர்ள்ஸ்.

கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லாம் மதுரைக்குப் போக ஆரம்பித்திருந்த நேரம். "இந்த சீசனும் இப்படியே போச்சுன்னா மாடியப் பூட்டிருவேன். நீங்க ரெண்டு பேரும் வேற எடம் பாத்துக்கங்க" என்று முதலாளி சொல்லிவிட்டார். வேலை போனால் என்னை எங்கள் ஊர் திருப்புல்லாணியில் வீட்டோடு உட்கார வைத்துவிடுவார்கள்.

அன்றைக்குப் பார்த்து கீழக்கரையிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வேனில் வந்து இறங்கப் பார்த்தது. மணப்பெண், அவளுடைய உம்மா, மாமிமார்...

நிறுத்த இடமில்லை. எப்படி இருக்கும்? வாடிக்கையாளர்களுக்கென்று தெருக் கடைக்காரர்கள் எல்லாரும் கூடிப் போராடி வாங்கிய பார்க்கிங். அதில் காலையிலேயே கடைக்காரர்களின் வண்டிகளே நிறைந்துவிடும். எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது முதலாளியின் ஸ்கூட்டர்தான். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

போலீஸ்காரர் "எடு, எடு" என்று விரட்டினார். வேன் ஒரு சுற்று போய் வந்தது. மறுபடியும் விரட்டினார். உம்மா ஜன்னலில் தலையை நீட்டி, "நாங்க மதுரைக்கே போய்க்கிறோம் புள்ள" என்றார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. கைக்கு வந்த சேலைகளை அள்ளிக்கொண்டு ஓடி வேனில் ஏறிவிட்டேன். பின்னாலேயே செல்வியும் ஒரு மூட்டையோடு ஏறினாள். "ஏ புள்ளைகளா, எங்க போறீக?" என்று முதலாளி கத்தினார்.

"வண்டி சுத்தட்டும் லாத்தா. நீங்க பாட்டுக்குச் சேலையப் பாருங்க" என்றேன் உம்மாவிடம். அவர்கள் ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள். வேன் முழுக்க ஒரே சிரிப்பு.

அரண்மனை, கேணிக்கரை, பஸ் ஸ்டாண்டு... வேன் சுற்றச் சுற்ற, மடியிலும் சீட்டிலும் சேலையாக விரித்தோம். வளைவில் திரும்பும்போது எல்லாரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் சரிவோம். கடையைத் தாண்டும்போது "அரக்குல பெரிய பார்டர்" என்று நான் கத்துவேன். அடுத்த சுற்றில் முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடி வந்து ஜன்னலில் நீட்டுவார். அவர் ஓடிய ஓட்டம் இருக்கிறதே... டிரைவர்தான் பாவம். "தலை சுத்துதும்மா, சீக்கிரம் ஒன்னச் சொல்லுங்க" என்று கெஞ்சினார்.

மணப்பெண் அதுவரை ஒவ்வொரு சேலையாகத் தடவிப் பார்த்துத் தள்ளிக்கொண்டே வந்தாள். அரக்குச் சேலையைத் தோளில் போட்டதும் டிரைவர் முன்னால் இருந்த கண்ணாடியில் தன்னை எட்டிப் பார்த்தாள். "உம்மா, இதுதான்" என்றாள். எனக்கும் செல்விக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

மாமிமாருக்கும் சேர்த்து எடுத்துவிட்டுத்தான் போனார்கள். முதலாளி அதற்குப் பிறகு மாடியைப் பூட்டும் பேச்சையே எடுக்கவில்லை. மறுநாள் ஸ்கூட்டரைப் பின்சந்துக்குக் கொண்டுபோனார். அவரைப் பார்த்து மற்ற கடைக்காரர்களும் வண்டிகளை எடுத்தார்கள். அந்த வருஷப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் வந்த கூட்டத்தில் எங்களுக்குத் தண்ணி குடிக்க நேரமில்லை.

இப்போது அந்தக் கடை பைபாஸுக்குப் போய்விட்டது. எத்தனை கார் வந்தாலும் நிறுத்தலாம். போன மாதம் என் மகளுக்குக் கல்யாணப் பட்டு அங்கேதான் எடுத்தோம். வசதிதான், குறை சொல்ல மாட்டேன்.

திரும்பும்போது கார் ஓட்டிய மகனைப் பழைய தெரு வழியாகப் போகச் சொன்னேன். பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கிக் கிடந்தது.

"எங்கனம்மா நிறுத்த?" என்று மகன் கேட்டான்.

தெரு நீளத்துக்கும் இடம் இருந்தது. இறங்கிப் போகத்தான் எனக்கு ஒரு கடை இல்லை.