சூட்டோடு கட்டிய வெங்காய வளையம்

தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் எங்கள் காம்பராவில் அன்றைக்குப் புழங்கியவர்கள் நான்கு பேர். நான், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மகள், அடுத்த காம்பராவில் குடியிருக்கும் நாத்தனார். வேறு யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் லயமே தாமதமாகத்தான் எழுந்தது. நான் மட்டும் ஐந்து மணிக்கே எழுந்து வெங்காயத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது இருந்தன. முதல் நாள் ராத்திரியும் ஒன்பதுதான் இருந்தன. இருந்தாலும் எண்ணினேன்.

ஓவனைத் தவணைக்கு எடுத்திருந்தேன். கொழுந்து பறித்துப் பறித்து முழங்கால் போனபிறகு, பிறந்தநாள் கேக் போட்டு விற்கலாம் என்று நானாகப் போய் ஹட்டன் கடையொன்றில் கையெழுத்து வைத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அந்தப் பத்திரத்தில் இருந்த பொடி எழுத்துகளைப் படிக்கப் பொறுமையும் இல்லை, படித்தாலும் விளங்கியிருக்காது. ஐந்து மாதம் ஒழுங்காகக் கட்டினேன். பிறகு முட்டை விலை ஏறியது, கேக் கேட்பவர்கள் குறைந்தார்கள், இரண்டு தவணை நின்றுபோனது. திங்கட்கிழமை காலையில் ஆள் வருவார், ஒன்று காசு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓவன் போகும், கட்டிய காசு திரும்பாது என்று கடையிலிருந்து போனில் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் நோனா வழி காட்டினார். நானுஓயா ஸ்டேஷனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுகிற ரோட்டோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சிங்கள அம்மா அவர். ஒரு தடவை என்னிடம் கேக் வாங்கியிருந்தார். வெள்ளைக்காரர்கள் வந்து வெங்காய வளையம் கேட்கிறார்களாம். அதுவும் எண்ணெயில் பொரிக்காமல், ஓவனில் வைத்து, கடித்தால் சத்தம் கேட்கிற மாதிரி. ஞாயிறு மூன்று மணிக்குள் ஒரு தட்டு செய்து கொண்டுவந்து காட்டு, சரியாக இருந்தால் சனி ஞாயிறு இரண்டு நாளும் இருபது இருபது தட்டு எடுத்துக்கொள்கிறேன், முதல் வாரக் காசை அன்றைக்கே கையில் தருகிறேன் என்றார். அந்தக் காசு வந்தால் இரண்டு தவணையும் அடைபடும். ஞாயிறு மூன்று மணிக்கும் திங்கள் காலைக்கும் நடுவில் என் ஓவன் தொங்கிக்கொண்டிருந்தது.

மகள் போனில் ஒரு வீடியோவைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் செய்தேன். வெங்காயத்தை விரல் மொத்தத்துக்கு வெட்டி, வளையம் வளையமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் உட்பக்கத்திலும் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை நகத்தால் உரிக்க வேண்டும். உரிக்காவிட்டால் கடிக்கும்போது வெங்காயம் முழுதாக வழுக்கி வெளியே வந்துவிடும், கையில் வெறும் கூடுதான் மிஞ்சும். ஆறு வெங்காயத்தில் அறுபதுக்கு மேல் வளையங்கள். கண் எரிந்து மூக்கு ஒழுகியது. பிறகு மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, பிரெட்டை உதிர்த்த பாண் தூளில் உருட்டி, மேலே கொஞ்சம் எண்ணெய் தடவி உள்ளே வைக்க வேண்டும். சூடு எவ்வளவு என்று கேட்டேன். நானூற்று இருபத்தைந்து என்றாள்.

எங்கள் ஓவனில் இருநூற்று ஐம்பதோடு எண் முடிந்துவிடுகிறது. கடைக்காரன் மட்டமான சாமானைத் தலையில் கட்டிவிட்டான் என்றே நினைத்தேன். இதற்குத்தானா இவ்வளவு கடன்? சரி, இருக்கிறதை முழுசாகத் திருப்பு என்று கடைசி எண்ணுக்குத் திருப்பிவிட்டு, வெடித்துவிடுமோ என்று இரண்டு எட்டுத் தள்ளி நின்றேன். பத்து நிமிஷத்தில் கரிந்த வாசம் வந்தது. திறந்தால் மேலே கறுப்பு, உள்ளே வெங்காயம் பச்சை. அதற்குப் பிறகுதான் மகள் போனை நெருக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, அது வேறு நாட்டுக் கணக்கு, நம்முடைய கணக்கில் இருநூற்று இருபதுக்குள்தான் வரும் என்றாள். விஞ்ஞானம் படித்த பிள்ளை. எனக்கு வந்த கோபத்தில் கரண்டியைத் தொட்டியில் போட்ட சத்தம் அடுத்த காம்பரா வரைக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த காம்பராவிலிருந்து வேறொன்று வந்தது. இரண்டாவது தட்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் கரண்ட் நின்றது. நாத்தனார் வீட்டுக்கும் எங்கள் மீட்டரிலிருந்துதான் வயர் போகிறது. அவர் தேத்தண்ணிக்குக் கரண்ட் கேத்தலைப் போட்டிருக்கிறார். ஓவனும் கேத்தலும் ஒன்றாக ஓடினால் சுவிட்ச் விழுந்துவிடும். முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். என்ன நடந்தது என்று பார்க்க வெறுங்கோப்பையோடு வாசலுக்கு வந்து நின்றார்.

"அண்ணி, நேத்தே சொன்னேன்ல?"

"தேத்தண்ணி குடிக்கக்கூட ஒங்கிட்ட பர்மிட்டு எடுக்கணுமா? வெங்காயத்த வெள்ளக்காரனுக்கு வளையல் போட்டுக் குடுக்கப் போறாளாம், நாங்க பச்சத் தண்ணி குடிக்கணுமாம்."

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரேக்கரைத் தூக்கிவிட்டு ஓவன் மறுபடி சூடேறுவதற்குள் வெங்காயம் தண்ணீர் விட்டு, மேலே ஒட்டியிருந்த தூளெல்லாம் வழிந்து தட்டில் கூழாகக் கிடந்தது. நாத்தனார் அதில் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு, உப்பு கொஞ்சம் குறைவு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி பத்தரை. மூன்று வெங்காயம்தான் மிச்சம். இதற்கு நடுவில் மேல்மலையிலிருந்து மிஸ்ட் இறங்கி வாசல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பாண் தூளைக் கையில் அள்ளிப் பார்த்தேன். நேற்று மணல் மாதிரி உதிர்ந்தது, இன்று பிடித்தால் பிடியாக நின்றது. அப்படியே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

இவ்வளவு நேரமும் என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். அவருக்குப் பன்னிரண்டு மணிக்கு ஸ்டோரில் வேலை. சனிக்கிழமை பறித்த கொழுந்து ஞாயிறும் ஓடும். இருபது வருஷமாகக் கொழுந்து காயவைக்கிற மெஷினில் நிற்கிறார். தேயிலைத் தூள் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், வேலைக்குப் போகிற நாளில் வெங்காயம், பூண்டு, வாசனைச் சோப்பு எதையும் தொடமாட்டார். ஸ்டோருக்குப் பெரியவரான டீமேக்கர் ஐயா கையை முகர்ந்து பார்ப்பாராம். அதனால் ஒரு வெங்காயம்கூட உரித்துத் தரவில்லை. யோசனை மட்டும் தந்தார். ஒரு பெண்ணுக்கு இதைவிட எரிச்சல் தருகிற உதவி உலகத்தில் இருக்காது.

ஆனால் அந்த யோசனை சரியாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். முதலில் வெறும் பாண் தூளை ஓவனில் காயவை என்றார். வெங்காயத்தைத் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு மாவில் போடச் சொன்னார். தட்டையும் முன்பே சூடாக்கிக்கொள், ஈரமான சாமானைக் குளிர்ந்த தட்டில் வைத்தால் அது அவிந்துதான் போகும் என்றார். சொன்னபடியே செய்தேன். மகள் போய் அத்தையின் கேத்தலைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பதினெட்டு வளையம் தேறின. பாதியில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டேன். பதினொன்றரைக்கு வெளியே எடுத்தபோது எல்லாம் ஒரே பொன்னிறம். மகள் ஒன்றைக் கடித்தாள். கதவோரம் நின்றவருக்கே அந்தச் சத்தம் கேட்டது.

நான் உடனே கட்ட ஆரம்பித்தேன். பன்னிரண்டரை பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. நானுஓயா போய்ச் சேருவதற்குள் குளிரில் எல்லாம் விறைத்துவிடுமே என்ற ஒன்றைத் தவிர என் மனதில் வேறு எதுவும் இல்லை. எங்கள் ஊரில் சாப்பாட்டைக் கட்டுவது என்றால் சூடு போகாமல் கட்டுவது. கொழுந்து பறிக்கிற மலைக்குக் கட்டிக்கொண்டு போன ரொட்டியும் சம்பலும் பத்து மணிக்கு லேசாகச் சுட்டால் அதுதான் நல்ல பொம்பளை கட்டியது என்பார்கள்.

ஸ்டோருக்குக் கிளம்பிய அவர் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"சூட்டோட கட்டாத புள்ள. தேயிலத் தூளையே ஆறவச்சுத்தான் நாங்க மூட்டையில போடுவோம். சூடாப் போட்டா வேர்த்துப்போகும்."

"இது தூள் இல்லீங்க, சாப்பாடு. ஆறிப்போன சாப்பாட்ட அந்த நோனா காசு குடுத்து வாங்குவாங்களா? நீங்க போய் ஒங்க மெஷினப் பாருங்க."

அவர் போய்விட்டார். நான் சோறு கட்டுகிற பிளாஸ்டிக் லஞ்ச் ஷீட்டில் சுற்றி, அதன்மேல் பேப்பரைச் சுற்றி, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடியை அழுத்தி, அதற்கும் மேலே ஒரு துவாயைக் கட்டினேன். மூடி சரியாக விழுந்ததா என்று மூன்று தடவை அழுத்திப் பார்த்தேன்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும், விழுந்துவிடுமோ, யாராவது இடித்துவிடுவார்களோ, நோனா கடையைப் பூட்டிவிட்டு எங்கேயாவது போயிருப்பாரோ என்று ஒன்று மாற்றி ஒன்று. நடுநடுவே துவாய்க்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். பெட்டி சூடாகவே இருந்தது. அப்பாடா என்றிருந்தது. ராதெல்ல வரும்போதும் சூடு இருந்தது. நானுஓயாவில் இறங்கும்போதும் இருந்தது.

இரண்டு மணிக்கெல்லாம் கடையில் இருந்தேன். நோனா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தானே பெட்டியைத் திறந்தார். மூடியின் உட்பக்கம் முழுவதும் தண்ணீர்த் துளி. லஞ்ச் ஷீட்டை விரித்தபோது வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நிறம் வெளுத்து, நனைந்த பாண் மாதிரி தொங்கின. நோனா ஒன்றைப் பிரித்தெடுத்து மென்றார். இன்னொன்றும் எடுத்து மென்றார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ருசி இருக்கு நங்கி," என்றார், தங்கச்சி என்கிற மாதிரி. "சத்தம் இல்ல."

வீட்டில் சத்தம் கேட்டது, மகள் கடித்தபோது என் காதாலேயே கேட்டேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னேன். பஸ்ஸில் வந்தது, மழை, மிஸ்ட் என்றெல்லாம் சொன்னேன். சூட்டோடு கட்டினேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. நோனா தங்கமான மனுஷி, குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, இது கட்டிக்கொண்டு வருகிற சாமான் இல்லை, எடுத்த கையோடு மேசைக்குப் போகிற சாமான் என்றார். என் சமையலறையில் பெரிய ஓவன் இருக்கிறது, சனி ஞாயிறு நீ இங்கே வந்து போட்டுக் கொடு, நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு தருகிறேன் என்றார். முன்பணம் பற்றி அவரும் பேசவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை. தட்டு தட்டாக வாங்குவதுதானே பேச்சாக இருந்தது. இது கூலி வேலை. கூலிக்கு முன்பணம் யார் தருவார்கள்? சரி என்று சொல்லிவிட்டு, மிச்ச வளையங்கள் இருந்த பெட்டியோடு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொன்னேனே என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் சண்டை பிடித்தாவது ஆறியிருப்பேன். மிச்சமிருந்த ஈர வளையங்களைச் சோற்றோடு பிசைந்து தின்றுவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஓவனைத் துடைத்து, ஒருநாள் தேவைப்படும் என்று தூக்கிப்போடாமல் வைத்திருந்த அட்டைப்பெட்டிக்குள் இறக்கினேன். மலைக்குப் போகக் கூடையோடு கிளம்பிய நாத்தனார் எட்டிப் பார்த்தார். திரும்பிப் போய், சீட்டுக்காசு வைத்திருந்த துணி முடிச்சைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"அவன் தூக்கிட்டுப் போனா எனக்கு நல்லதுதான். நிம்மதியாத் தேத்தண்ணி குடிப்பேன். ஆனா வருசத்துக்கு ரெண்டு ஓசிக் கேக்கு போயிருமே. எண்ணிப் பாத்துக்க."

எண்ணினேன். இரண்டு தவணைக்கும் சரியாக இருந்தது. கடையாள் வந்து வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். பெட்டியில் இருக்கிறதே, பழுதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

இப்போது சனி ஞாயிறு நோனாவின் சமையலறையில் நிற்கிறேன். அங்கே வளையத்தைக் கம்பித் தட்டில் எடுத்துவைத்த உடனே பையன்கள் மேசைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அந்தப்பக்கமிருந்து கடிக்கிற சத்தம் எனக்கே கேட்கும். என் சொந்த ஓவன் வீட்டில் துணி போர்த்தி நிற்கிறது. திருப்பிக் கொடுத்தால் கட்டியதெல்லாம் போகும், வைத்திருந்தால் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்தவர் ஓவனில் உழைத்து என் ஓவனுக்குக் கட்டுகிறேன். மாதம் பிறப்பதற்குப் பத்து நாள் முன்பே தூக்கம் போய்விடுகிறது. இதை எழுதுகிற இன்றைக்கு, கடைக்கும் நாத்தனாருக்குமாகச் சேர்த்து இன்னும் பதினாறாயிரத்து நானூறு ரூபாய் கொடுக்க இருக்கிறது.