ஆறு மைலும் ஒரு தோல் வாரும்

உதவி என்று நினைத்து நாம் கொடுப்பதை ஒருவர் மரியாதைக்காகவே மறுக்காமல் வாங்கிக்கொண்டால், அதனால் அவருக்கு நேரும் காயத்துக்கு யார் பொறுப்பு? ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் ஆறு மைல் சாலையில் இந்தக் கேள்விக்கு நான் முகம் கொடுக்க வேண்டியிருந்தது.

காலை ஏழரை மணிக்கு ஆவடி ரயில் நிலைய வாசலிலிருந்து புறப்பட்டோம். யுத்த காலமாதலால் ராணுவ லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. முன்னால், என்னிடம் சைக்கிள் பழகிய முனுசாமி; பின்னால் என் சைக்கிளில் நான். மூட்டை இறக்கும் வேலையில் நேர்ந்த விபத்தில் அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மரக்கால் பெடலில் வழுக்கியதால், அம்பத்தூர்க் கொல்லர் ஒருவர் பெடல்மேல் இரும்புக் கிண்ணம் ஒன்றைப் பொருத்தியிருந்தார். பின்பக்கம் திறந்த கிண்ணம்; இழுத்தால் கால் வந்துவிடும். அதுவே என் கவலை. ஓடும்போது கால் நழுவினால் என்ன ஆவது? பன்னிரண்டு அணாவுக்குத் தோல் வார் ஒன்று வாங்கி, மரக்காலைக் கிண்ணத்தோடு சேர்த்து நானே இறுக்கிக் கட்டினேன். முனுசாமி வாரைத் தடவிப் பார்த்துவிட்டுப் பெடலை மிதித்தார்.

பூந்தமல்லி மருந்துக்கடை முதலாளி, கிராமங்களுக்குச் சீசாக்கள் கொண்டுபோக ஆள் தேடினார். ஒன்பது மணிக்குள் சைக்கிளைத் தானே ஓட்டிவந்து நின்று காட்டினால் முனுசாமிக்கு வேலை. கால் போனபின் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிட்டது அதுவே முதல் முறை.

எட்டே கால் மணி. பருத்திப்பட்டைத் தாண்டிக் கூவம் பாலத்தை நெருங்கினோம். எதிரே லாரி ஒன்று வந்தது. முனுசாமி இடது ஓரம் ஒதுங்கினார். அங்கே சரிவு. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. மரக்காலை உருவித் தரையில் ஊன்ற முயன்றார், வார் விடவில்லை. கட்டிய காலோடு விழுந்தார். முன்சக்கரம் சாலைக்குள் கிடந்தது. ஒரு முழம் தள்ளி லாரி நின்றது.

வாரின் கொக்கியை அவிழ்க்கப் பார்த்தேன்; அது இறுகிக் கிடந்தது. பின்னால் வந்த வைக்கோல் வண்டிக்காரர் இறங்கிவந்து, கத்தியால் வாரை அறுத்தார்.

"மாட்டுக்குத்தான் காலைக் கட்டுவாங்க. உன்ன யாரு நைனா கட்டினது?"

முனுசாமி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் முழங்கையில் ரத்தம் வழிந்தது. இது சரிவராது என்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஆசையா வாங்கிகினு வந்தீங்க சார். படிச்சவங்க கட்றாங்க, நாம இன்னா சொல்றதுன்னு கம்முனு இருந்துட்டேன்."

மீதி மூன்று மைலும் அவருடைய இடது காலைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. காடுவெட்டியில் எதிர்ப்பட்ட மாட்டு மந்தைக்காக அவர் மரக்காலை உருவி ஊன்றி நின்றார்.

ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கடையை அடைந்தோம். முதலாளி ரத்தத்தைப் பார்த்துவிட்டு, வழியிலேயே விழுபவன் சீசாவை எப்படிக் கொண்டுசேர்ப்பான் என்று கேட்டார். முனுசாமி தலை குனிந்தார். வார் என்னுடையது, பிழையும் என்னுடையது என்று சொல்லி, அறுந்த தோலை மேசைமேல் வைத்தேன். முதலாளி அதைப் புரட்டிப் பார்த்தார். பிறகு நான்கு காலிச் சீசாக்களைக் கூடையில் வைத்து, தெருமுனைவரை போய்வரச் சொன்னார்.

முனுசாமி போனார், திரும்பினார், வாசலில் மரக்காலை ஊன்றி நின்றார். சீசாக்கள் உடையவில்லை.

"நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடு" என்றார் முதலாளி.

முனுசாமி இப்போது திருமழிசைவரை மருந்து கொண்டுபோகிறார். அவருடைய பெடலில் கிண்ணம் மட்டுமே இருக்கிறது. அடுத்து என்னிடம் சைக்கிள் பழக வந்த ஒற்றைக் கைக்காரருக்கு, அவரே ஓட்டிக் காட்டி வேண்டியதைச் சொல்லும்வரை நான் எதையும் வாங்கவில்லை.